மதகுக்காரி

குணசேகரனின் ஹார்டுவேர் கடைக்குள் ஒரே ஒரு ஸ்குரூ வாங்க நுழைந்தவர்கூடச் சிரித்துக்கொண்டுதான் வெளியே வருவார். குமணன்சாவடி சந்திப்பில் அந்தக் கடையைத் தெரியாத கொத்தனாரோ பிளம்பரோ கிடையாது. "வா அண்ணாத்தே, இன்னா இன்னிக்கு மூஞ்சி டல்லா கீது?" என்று அவர் ஆரம்பித்தாரானால் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே வந்தவரின் தங்கை கல்யாணம், மாடி கட்டும் கதை, மெட்ரோ வேலையால் ரோட்டில் கிளம்பும் புழுதி என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். ஒன்றும் வாங்க வேண்டியதில்லாமல், அவர் பேச்சுக்காகவே வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர்களும் இருந்தார்கள்.

சென்னீர்குப்பத்தில் அவருடைய வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் மனைவி புஷ்பா இதைக் கல்யாணமான மூன்றாம் மாதத்தில் தெரிந்துகொண்டாள். திருமழிசையில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவரிடம் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தாள். மறுநாளும் அவர் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டார். உப்பு குறைந்தால் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. சுவரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். "இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லிட்டாவது பேசாம இருங்களேன்" என்று அவள் அழுதபோது டி.வி. சத்தத்தைக் கூட்டினார். போன் வந்தால் வாசலுக்குப் போய் யாருடனோ விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் "நாளைக்கு கருவாட்டுக் கொழம்பு வை" என்றார். அந்த ஒரு வாக்கியம் கேட்ட சந்தோஷத்தில், இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பவித்ரா பிறந்து நான்கு வயதான சமயத்தில் வீடு மறுபடி அப்படித்தான் இருந்தது. கடைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவரின் காலைக் குழந்தை கட்டிக்கொண்டு, "மன்னிச்சிக்கோ நைனா" என்றது. மூடிய கதவுக்கு வெளியே நின்று புஷ்பா சொல்லிச் சொல்லி, குழந்தை கேட்டிருந்த வார்த்தை அது. குணசேகரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "எங்கண்ணு எதுக்குடி மன்னிப்பு கேக்குது?" அன்றைக்கே வீட்டில் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

அதன் பிறகு புஷ்பா சும்மா காத்திருக்கவில்லை. பேச்சு நின்று ஒரு வாரம் ஆனால் பவித்ராவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டுக் கூடத்துக்கு அனுப்புவாள்.

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. சும்மா கேளு. கேட்டா நைனா பேசுவாரு."

பெரும்பாலும் பேசினார். தெருவில் மற்ற வீடுகளில் பாத்திரங்கள் பறந்தன. அடுத்த தெரு எல்லம்மா புருஷன் கையில் மாட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டாள். தன் வீட்டில் இந்த ஒன்றுதான் குறை, அதற்கும் தன்னிடம் ஒரு வழி இருக்கிறது என்று புஷ்பா நினைத்துக்கொண்டாள். அக்காவிடம் சற்றுப் பெருமையாகவே அதைச் சொல்லியும் இருக்கிறாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய சமயத்தில் பவித்ரா இடுப்பு வரை இருந்த தலைமுடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாள். குணசேகரன் அன்று இரவிலிருந்து வாயை மூடிக்கொண்டார். மகள் கூடத்துக்குப் போக மாட்டேன் என்றதும், "பரீட்ச நேரத்துல ஊடு இப்டி இருந்தா நீ எப்டிப் படிப்ப?" என்று புஷ்பா அவளைக் கையைப் பிடித்துக் கடைக்கே அழைத்துப் போனாள். கடையில் நல்ல கூட்டம். சிமெண்ட் மூட்டைக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவில், அத்தனை ஆண்கள் பார்க்க, அந்தப் பெண் "மன்னிச்சிக்கோ நைனா" என்றாள்.

"அட, இன்னா கண்ணு இது? யாருனா எதுனா சொன்னாங்களா உன்ன?" என்று குணசேகரன் பதறினார். பக்கத்துக் கடையிலிருந்து ரோஸ்மில்க் வரவழைத்தார். "பொண்ணுன்னா இப்டி இருக்கணும்பா" என்றார் ஆணி வாங்க வந்த ஒருவர். பவித்ரா ரோஸ்மில்க்கைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு, புஷ்பா எவ்வளவு கெஞ்சியும், அவள் போகவில்லை. சீக்கிரம் கிளம்பவும் தாமதமாக வரவும் பழகிக்கொண்டாள். மற்ற நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள்.

பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் ஹைவே மேலிருந்த ஒரு கல்லூரியில் ஓவியமும் அனிமேஷனும் சொல்லித்தரும் பட்டப்படிப்பில் அவள் சேர்ந்தபோது குணசேகரன் மறுப்பு சொல்லவில்லை. கடைசி வருடம் ஒவ்வொரு குழுவும் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். பவித்ராவும் அவள் தோழி ஜமீலாவும் சேர்ந்து இல்லாத ஊர் ஒன்றைக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். அதற்குக் குழாய் நிறைய வேண்டும் என்றாள் பவித்ரா. அது குணசேகரன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலம். அரை இஞ்சுக் குழாய்களும், வளைவில் மாட்டும் எல்போவும், பழைய பித்தளைக் குழாய்த்தலைகளும் லோடு ஆட்டோவில் கல்லூரிக்குப் போயின. "எம் பொண்ணு ஒரு ஊரே கட்டிகினு கீது. பைப் லைன் நம்பளுது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அம்மாவிடம் பவித்ரா கேட்டது ஒரு பழைய புடவை.

"அந்தக் கரும்பச்சை. கடுகு கலர் பார்டர் போட்டது. அதுக்கு மேட்சா ஒரு ஜாக்கெட் தச்சுக் குடும்மா."

"பொம்மைக்கா? இன்னா அளவு?"

"உன் அளவுக்கே தை."

தன்னிடமும் ஒன்றைக் கேட்டாளே என்பதில் புஷ்பாவுக்கு மனம் நிறைந்துபோனது. கைக்கு லேஸ் வைத்து, ஒரு கல்யாணத்துக்குத் தைப்பதுபோல அதைத் தைத்தாள்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை. குணசேகரன் கடையை அரை நாள் சாத்தினார். பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குக் கூட்டாளியான அப்பாவுவின் காரில் மூவரும் போனார்கள். அப்பாவு பிளம்பிங் கான்ட்ராக்டர், கடையின் பெரிய வாடிக்கையாளரும்கூட. கல்லூரி அரங்கத்தின் வாசலில் குழாய்த்தலைகளாலேயே ஒரு வளைவு செய்து, மேலே 'சொல்லேரி' என்று எழுதியிருந்தார்கள். பவித்ரா உள்ளே தேர்வாளர்களுடன் பேசிக்கொண்டிருந்ததால் ஜமீலாதான் வந்து வரவேற்றாள்.

"வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி. சொல்லேரில யாருக்கும் பிறக்கும்போது பேச்சு கிடையாது. எல்லாப் பேச்சும் ஏரிலதான் இருக்கு. காலைல குழாயத் தொறந்து விடுவாங்க. அன்னிக்குப் பேச வேண்டியத அவங்கவங்க குடத்துல புடிச்சு வச்சிக்கணும்."

ஒரு சுவர் முழுக்க அந்த ஊரின் வரைபடம். வேறொரு பக்கம் சந்தை. பழைய வசவுகளைக் கூறுகட்டி மலிவாக விற்றார்கள். கொஞ்சல்கள் வெற்றிலையில் மடிக்கப்பட்டிருந்தன. சிந்திய சொற்களைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சாயங்காலமானால் உளறுகிற எச்சில்குருவிகள் என்று ஒரு பறவைக் கூட்டம் கம்பியில் உட்கார்ந்திருந்தது. குழாயில் காதை வைத்தால் ஜமீலா பதிவு செய்திருந்த குரல்கள் கேட்டன. அப்பாவு ஒன்றில் காதை வைத்துவிட்டுத் துள்ளினார்.

"யோவ் குணா! இது நம்ம பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் கொரலுய்யா!"

நடுவில் நின்றான் அரசன். காகிதக்கூழில் செய்து வண்ணம் பூசிய ஆள் உயர உருவம். முறுக்கிய மீசை, விரிந்த சிரிப்பு. ஏரியின் மதகுச் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. அவன் வாயிலிருந்து ஏராளமான குழாய்கள் சந்தையை நோக்கி ஓடின. எல்லாவற்றின் முனையிலும் நீல ஜிகினாத் தாள் தண்ணீர்போலக் கொட்டியது. கீழே ஜனங்கள் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மீசையப் பாத்தியா? நீயேதான்யா" என்றார் அப்பாவு.

"எம் பொண்ணாச்சே, என்னத்தான் ராஜாவா வைக்கும்" என்று குணசேகரன் அரசனின் தோளில் கைபோட்டு நின்றார். அப்பாவு படம் எடுத்தார். அடுத்த நிமிடமே அது குணசேகரனின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஏறியது.

புஷ்பா அரசனைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தாள். அங்கே அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு இருந்தது. அந்த வீட்டுக்கும் ஒரு குழாய் வந்தது. அதன் வாயில் சிலந்தி வலை. குழாயின் கீழே ஒரு காலிக் குடம்.

அவளுக்கு உடனே புரிந்தது. முதலில் பயம்தான். அவர் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டால் என்ன ஆகும்? அவர் வரவில்லை. அங்கே யாரிடமோ அந்தக் குழாய்கள் எந்தக் கம்பெனி என்று விளக்கிக்கொண்டிருந்தார். பயம் அடங்கியதும் உள்ளே வேறொன்று எழும்பியது. இத்தனை வருடம் அக்காவிடம்கூட முழுதாகச் சொல்லாததை, அழுதால் 'அடிக்கிறாரா, குடிக்கிறாரா, அப்புறம் இன்னாடி' என்று கேட்பார்களே என்று விழுங்கியதை, இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். பார்த்து, ஊர் பார்க்க வைத்திருக்கிறாள். புஷ்பாவுக்குக் கண் நிறைந்தது. இந்த ஊரில் தானும் எங்கேயோ இருக்க வேண்டும், அந்தக் காலிக் குடத்துக்குப் பக்கத்தில், என்று தேடினாள்.

அவள் வேறிடத்தில் இருந்தாள். மதகு ஓரத்தில் பச்சைப் புடவை தெரிந்தது.

துணியால் தைத்துப் பஞ்சடைத்த பெண். லேஸ் வைத்த ஜாக்கெட். அவள் முன்னால், மூடிய மதகின் இடுக்கில், ஒரு குழந்தை. குழந்தையின் தலை இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது. முகம் பவுடரில் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தப் பெண்ணின் ஒரு கை குழந்தையின் வகிட்டைச் சரிசெய்தது. மற்றொரு கை அதன் முதுகில் வைத்து இடுக்குக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்தைக் கோரமாகச் செய்திருந்தால்கூடப் புஷ்பா தாங்கியிருப்பாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளின் முகம்போல அது கவனமும் பிரியமுமாக இருந்தது.

கீழே அட்டையில் எழுதியிருந்தார்கள்: 'மதகுக்காரி. மதகை மூடுகிறவன் அரசன். அதைத் திறக்கக் குழந்தையைக் கொடுக்கிறவள் இவள். சொல்லேரியில் யாரும் இவளை வெறுப்பதில்லை. ஊரைக் காப்பாற்றுகிறவள் என்றே நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள்.'

பக்கத்தில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். கண்ணாடி போட்டு, கழுத்தில் தேர்வாளர் அட்டை மாட்டியிருந்தாள். "முகத்தைப் பாருங்களேன், எவ்ளோ அன்பா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்று புஷ்பாவிடம் சொன்னாள். பிறகு, "நீங்க யாரோட அம்மா?" என்றாள்.

"நான் சும்மா பாக்க வந்தேன்" என்றாள் புஷ்பா.

அரங்கத்துக்குப் பின்னால், தண்ணீர் கேன் வைத்திருந்த படிக்கட்டில், அவள் மகளைப் பிடித்தாள். பவித்ராவுக்குக் கைகளெல்லாம் பசை.

"அது யாருடி?"

"எது?"

"எம் பொடவைய கட்டிகினு நிக்குதே, அது."

பவித்ரா காய்ந்த பசையை விரலிலிருந்து உரித்தாள். "கற்பனைம்மா. சொல்லேரில ஒரு பாத்திரம்."

"உங்கப்பன் ராஜா. மீச இன்னா, சிரிப்பு இன்னா. அந்தாளு தோள்ல கைய போட்டு போட்டோ புடிச்சிகினு கீறாரு. நான் புள்ளய பலி குடுக்கறவளா? எனக்கு அந்த மனுசன் எத்தினி நாளு மூஞ்சி குடுத்துப் பேசலன்னு உனுக்குத் தெரியாதா? நீ பாக்கலியா?"

"பாத்தேன். அதையும் வச்சிருக்கேனே."

"பின்னால வச்சிகீற! யாரு பாக்கறா? எல்லாம் என்னத்தான் வந்து பாக்குது."

"அவர் அப்படித்தாம்மா. அவர்கிட்ட எனக்கு ஒண்ணும் கேக்க இல்ல. அவர் மூடினாரு. நீதான் என்னக் குளிப்பாட்டி அனுப்பின."

"ஊட்ல பேச்சு வரணும்னுதானே? நான் போய் நின்னா அவரு திரும்பிகூடப் பாக்க மாட்டாருடி. உன்னப் பாத்தாதான் எறங்குவாரு."

"அதான். அது உனக்குத் தெரிஞ்சிருந்துது." பவித்ராவின் கல்லூரிப் பேச்சு கழன்று, வீட்டுப் பேச்சு வெளியே வந்தது. "எனுக்கு நாலு வயசும்மா. ஒவ்வொரு வாட்டியும் நான் இன்னா பண்ணேன்னு யோசிச்சிகினே போவேன். எதுனா பண்ணியிருப்பேன், மறந்துட்டேன்னு நெனப்பேன். ஸ்கூல்ல டீச்சர் யாரத் திட்டினாலும் நான் எழுந்து நிப்பேன். தெரியுமா உனுக்கு?"

புஷ்பாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவளால் அதைக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. "அந்தப் பொடவையவாவது அவுத்துட்டு வேற கட்டுடி. தெரிஞ்சவங்க வருவாங்க" என்றாள்.

"நாளைக்குப் பரிசுக்கு ஜட்ஜஸ் வர்றாங்க. எதையும் மாத்த முடியாது" என்று பவித்ரா உள்ளே போய்விட்டாள்.

சொல்லேரிக்கு முதல் பரிசு கிடைத்தது. நகரத்துக்குள் இருக்கும் ஒரு ஓவியக் கூடத்தார் வந்து பார்த்துவிட்டு, முழு ஊரையும் வைக்க இடமில்லை, மதகுக்காரியை மட்டும் கொடுங்கள் என்று வாங்கிப் போனார்கள். ஜூன் மாதம் பவித்ராவுக்கு கிண்டியில் வீடியோ கேம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஜமீலாவோடு சேர்ந்து ராமாபுரத்தில் அறை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போதும் அம்மாவிடம் தேவையானதைப் பேசினாள். குக்கர் எடுத்துப் போகவா, தலையணை உறை எங்கே என்கிற அளவுக்கு.

ஒரு யூடியூப் சேனல்காரர்கள் அவளைப் பேட்டி எடுத்தார்கள். அரசன் யார் என்று கேட்டதற்கு, "வெளியில ஊருக்கெல்லாம் பேச்சை வாரிக் குடுத்துட்டு, வீட்டுக்கு வெறுங்கையோட வர்றவர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் கடைக்கு வரும் பெயிண்டர் ஒருவர் அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

"அண்ணாத்தே, ராஜா நீதானாமே? ஊட்ல வாயே தொறக்க மாட்டியாமே?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரனும் சிரித்தார். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது.

இந்த முறை வீட்டில் புஷ்பா மட்டும்தான் இருந்தாள். ஆடி போய் ஆவணி வந்தது. அவர் ஓட்டலில் சாப்பிட்டார். அவள் எடுத்து வைக்கும் சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. கால் வீங்கியிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொன்னபோது டி.வி. ரிமோட்டைத் தேடினார். அவள் மூன்று நாட்கள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நான்காம் நாள் கூப்பிட்டாள்.

"பவி... ஒரே ஒரு தடவ வந்து நைனாகிட்ட பேசிட்டுப் போம்மா."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது.

"இப்பவுமாம்மா?"

"மாத்திர போடமாட்றாரு. காலெல்லாம் வீங்கிகீது. எதுனா ஒண்ணு ஆயிட்டா?"

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று புஷ்பா திரையைப் பார்த்தாள்.

"சரி. ஞாயித்துக்கெழம வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிய மகளைப் பார்த்ததும் புஷ்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள். முகத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். அம்மாவைத் தாண்டிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் கைகட்டி நின்றாள்.

"மன்னிச்சிக்கோ நைனா. நான் அப்டிப் பேசியிருக்கக் கூடாது."

குணசேகரன் பேப்பரை மடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. "அட போ கண்ணு, நீ இன்னா தப்பு பண்ண? வீடியோ நல்லாத்தான் இருந்துது. சாப்டியா?" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "புஷ்பா, பொண்ணு வந்துகீது. கறி எடுத்தாரட்டா?" என்றார், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர்போல.

அன்று மாத்திரை போட்டுக்கொண்டார். மகளும் அப்பாவும் பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அலுவலகத்து மேனேஜரைப்போல அவள் பேசிக் காட்ட, அவருக்குப் புரையேறியது. புஷ்பா பரிமாறினாள். அவள் மகளிடம் கேட்ட இரண்டொரு கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. சிரிப்புச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வாசல் கேட் வரை போய், "போய்ச் சேந்துட்டு போன் பண்ணு" என்றாள். பவித்ரா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு நொடி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோல. பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

அந்தப் பார்வையைப் புஷ்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை பவித்ரா அப்பாவைக் கூப்பிட்டாள். கூடத்தில் அவர் சிரிப்பது சமையலறைக்குக் கேட்கும். "எங்கிட்ட குடுங்க" என்று புஷ்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், "வேலையா கீதாம், வச்சிடுச்சி" என்பார். புஷ்பாவாகக் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அனுப்பிய செய்திகளில் படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது. ஐப்பசி மழையில் ராமாபுரத்தில் தண்ணீர் நிற்பதாக டி.வி.யில் சொன்னபோது, மகள் பத்திரமாக இருக்கிறாளா என்று புருஷனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

"அவள எங்கிட்ட பேசச் சொல்லுங்களேன்" என்றாள் ஒருநாள்.

குணசேகரன் யோசித்தார். அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை. "நீ இன்னா பண்ணியோ. சின்னப் பொண்ணு, சும்மாவா பேசாம இருக்கும்? போய் ஒரு வார்த்த மன்னிப்பு கேளு. கேட்டா பேசப்போவுது. இதுல இன்னா கௌரவம்? வேணும்னா நானே வண்டில கொண்டுபோய் உடறேன்."

"வேணாம். நானே போய்க்கிறேன்" என்றாள் புஷ்பா.

மறுநாள், ஞாயிறு காலையில், பஸ் ஏறிப் போனாள். மாடி அறைக் கதவைத் திறந்த ஜமீலாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "நான் கடைக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பவித்ரா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். எழுந்து வந்து அம்மாவுக்குத் தண்ணீர் வைத்தாள். ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தாள். மின்விசிறியை அம்மா பக்கம் திருப்பினாள். மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லாம் குறையில்லாமல் செய்தாள்.

புஷ்பா பேசினாள். நைனாவுக்கு சுகர் குறைந்திருப்பது, எல்லம்மா மகளுக்கு வரன் பார்ப்பது, கடை வாசலில் மெட்ரோக்காரர்கள் அடைத்திருந்த தகரத்தை எடுத்துவிட்டது. பேசப் பேசத் தன் குரல் அந்தச் சின்ன அறையில் அநாவசியமாகக் கேட்டது. கடைசியில் சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சிக்கோ பவி."

மவுஸ் மேல் இருந்த கை நின்றது. எதுக்கு என்று அவள் கேட்பாள் என்று புஷ்பா காத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். கடையில் நிற்க வைத்தது, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றது தெரியாமல் போனது, ஆவணியில் போன் செய்து வரச் சொன்னது. கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லத் தயாராக இருந்தாள். தன் பக்கமும் ஒன்றிரண்டு சொல்ல இருந்தது. பவித்ரா கேட்கவில்லை. பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினாள். திரையைத் திருப்பி அம்மாவிடம் காட்டினாள். சென்னீர்குப்பத்துக்கு ஆட்டோ. இரண்டு நிமிடத்தில் வருகிறது.

புஷ்பா பையை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓடிபி ஏழு, ரெண்டு, ஒம்போது, நாலு."

ஆவணி மாதத்துக்குப் பிறகு மகள் அவளிடம் பேசிய பேச்சு அதுதான். புஷ்பா திரும்பிப் பார்த்தாள். பவித்ரா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஆட்டோ நின்றிருந்தது. டிரைவர் நடுத்தர வயதுக்காரர். "ஓடிபி சொல்லும்மா."

"ஏழு, ரெண்டு, ஒம்போது..." கடைசி எண் நழுவிவிட்டது. புஷ்பா அண்ணாந்து பார்த்தாள். பவித்ரா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"கடைசி நம்பர் இன்னாம்மா?" என்று கூவினாள்.

பவித்ரா வாயைத் திறக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, கட்டை விரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினாள். டிரைவர் எட்டிப் பார்த்துத் தானே அழுத்திக்கொண்டார். ஆட்டோ கிளம்புவதற்கு முன்பே அவள் உள்ளே போய்விட்டாள்.

தெருமுனை திரும்பியதும் டிரைவர் கேட்டார். "பொண்ணாம்மா அது?"

"ஆமாப்பா."

"பாவம். பேச்சு வராதா?"

"நல்லாப் பேசுவா" என்றாள் புஷ்பா.

மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று அவர் கண்ணாடியில் பார்த்தார். போரூர் சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது.